நடிகர் எழுதினால் எழுத்தாளர் இல்லையா? அவ்வை தி.க.சண்முகத்தை முன்வைத்து

குகை வாசகன் (ஞாயிறு, காலை 6.40)

போன வாரம் எங்கள் பக்கம் வண்டி வேடிக்கை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சேலம் குகையில் ஆடிப் பண்டிகையின்போது வண்டிகளை ஜோடித்து, அதன் மேல் ஆட்கள் சாமி வேஷம் கட்டி நிற்பார்கள், ஊரே பார்க்க வரும். இந்த வருடம் ஒரு வண்டியில் அவ்வையார். பதினோரு வயதுப் பையனுக்கு நரைமுடி டோப்பா வைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கையில் கோலைக் கொடுத்து ஏற்றிவிட்டார்கள். பத்து நிமிடம் கூனி நின்றான். அப்புறம் முதுகு வலிக்கிறது என்று நிமிர்ந்துவிட்டான். அவன் அம்மா வண்டியோடு கூடவே நடந்து "குனிடா, குனிடா" என்று கீழேயிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

அப்போது எனக்கு தி.க.சண்முகம் ஞாபகம் வந்தார். 1940களின் தொடக்கத்தில், முப்பது வயதை ஒட்டிய ஓர் ஆண், இரவுக்கு இரவு மேடையில் கூனி நடந்து கிழவியாகவே வாழ்ந்தார். அந்த வேஷமே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு "அவ்வை சண்முகம்" ஆகிவிட்டார். ஆனால் நான் இங்கே பேச வந்தது அவர் நடிப்பைப் பற்றி அல்ல, எழுத்தைப் பற்றி.

சுருக்கமாக: 1912இல் திருவனந்தபுரத்தில் பிறந்தார். பெயரின் முன்னால் உள்ள "தி" அந்த ஊர்தான். அப்பா கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேஷத்துக்குப் பேர்போன நடிகர். 1918இல், ஆறு வயதில், அண்ணன்கள் சங்கரன், முத்துசாமியோடு மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் சிறுவர் நாடகக் குழுவான தத்துவ மீனலோசனி வித்வ பால சபையில் சேர்ந்தார். 1925இல் சகோதரர்கள் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார்கள், அதுதான் பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் நாடக சபை. 1935இல் "மேனகா"வோடு சினிமா. 1971இல் பத்மஸ்ரீ. 1972இல் "எனது நாடக வாழ்க்கை" என்ற தடித்த புத்தகம். 1973 பிப்ரவரியில் மறைந்தார்.

அந்தப் புத்தகத்தை ஊரில் ஒரு நூலகத்தில் தேடிப் போனேன். தன்வரலாறு அலமாரியில் இல்லை, இலக்கியத்தில் இல்லை. கடைசியில் சினிமா அலமாரியில், நடிகைகளின் அழகுக் குறிப்புப் புத்தகத்துக்கும் பழைய பாட்டுப் புத்தகத்துக்கும் நடுவில் கிடைத்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. தமிழில் உரைநடை எழுதிய நல்ல எழுத்தாளர்களில் ஒருவரை நாம் நடிகர் என்று ஓரமாக உட்கார வைத்திருக்கிறோம். இதுதான் என் கட்சி. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

ஐந்து ரோடு பையன் (காலை 8.15)

சார், இவருக்கும் "அவ்வை சண்முகி" படத்துக்கும் சம்பந்தம் உண்டா? திட்டாதீர்கள், உண்மையாகவே தெரியாமல் கேட்கிறேன்.

சூரமங்கலம் ரயிலடி (காலை 8.50)

தம்பி, கேட்டதில் தப்பே இல்லை. கமல்ஹாசன் சிறுவயதில் இவருடைய நாடகக் குழுவில் இருந்தவர். ஆண் பெண் வேஷம் கட்டும் கதைக்கு 1996இல் அந்தப் பெயரை வைத்தது ஆசிரியருக்குச் செய்த மரியாதை. சென்னை போனால் ராயப்பேட்டையில் அவ்வை சண்முகம் சாலை இருக்கிறதே, பழைய லாயிட்ஸ் ரோடு, அதுவும் இவர் பெயர்தான். அந்த வழியாகத் தினமும் ஆட்டோ ஓட்டும் ஒருவர், அது அவ்வையாருக்கும் சண்முகக் கடவுளுக்கும் சேர்த்து வைத்த பெயர் என்று என்னிடம் அடித்துச் சொன்னார். யோசித்தால் அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

வாசகன் ஐயா, ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். 1953இல் ஜெமினி எடுத்த "அவ்வையார்" படத்தில் நடித்தது கே.பி.சுந்தராம்பாள். அதனால் என் வயதுக்காரர்களுக்கே அவ்வை என்றால் சுந்தராம்பாள் குரல்தான். மேடை அவ்வையைப் பார்த்தவர்கள் இப்போது அநேகமாக இல்லை. படம் நின்றது, நாடகம் போய்விட்டது.

ஏற்காடு காப்பிக்காடு (காலை 10.05)

நான் மறுக்கிறேன், அதற்குத்தானே கூப்பிட்டீர்கள்.

மலையில் மழை, வேலை இல்லை, ஆகவே நீளமாகவே எழுதுகிறேன். "எனது நாடக வாழ்க்கை"யை நான் இரண்டு முறை படித்தவன். அது அருமையான ஆவணம். எந்த ஊர் முகாம், என்ன நாடகம், யார் சேர்ந்தார், யார் ஓடிப்போனார், எல்லாம் இருக்கிறது. தமிழ் நாடக வரலாறு எழுதுகிற யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் ஆவணம் வேறு, எழுத்து வேறு.

ஒப்பிட்டுப் பாருங்கள். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார், தாமே நடித்தார், எண்பது தொண்ணூறு நாடகங்கள் எழுதினார், நீதிபதியாகவும் இருந்தார். அவருடைய "நாடக மேடை நினைவுகள்" ஆறு பாகம். அதில் அவர் தம்மையே கிண்டல் செய்துகொள்வார், தமக்குப் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்பார். சண்முகம் அப்படி இல்லை. அவருக்கு எல்லாரும் நல்லவர்கள். வஞ்சித்தவரைக்கூட மரியாதையோடு வழியனுப்பி வைப்பார். எழுத்தாளனுக்குக் கொஞ்சம் உறைப்பு வேண்டாமா? பந்தி முழுக்கப் பாயசமே வைத்தால் எப்படி?

இன்னொன்று. எழுத்தாளர் என்றால் வாழ்க்கையின் மையத்தில் எழுத்து இருக்க வேண்டும். இவர் மையத்தில் இருந்தது மேடை. வயதான பிறகு நினைவுக் குறிப்பு எழுதுவது எல்லாரும் செய்வதுதான். எங்கள் எஸ்டேட்டில் ஓய்வு பெற்ற கணக்குப்பிள்ளைகூட ஒன்று எழுதி வைத்திருக்கிறார். அதில் மிளகு விலை மட்டும் மிகச் சரியாக இருக்கும்.

குகை வாசகன் (காலை 11.30)

கணக்குப்பிள்ளையின் கையெழுத்துப் பிரதியை முடிந்தால் அனுப்புங்கள், மிளகு விலைக்காகவாவது படிக்கிறேன்.

வயதான பிறகு எழுதினார் என்பது சரியில்லை. 1950களிலேயே அவர் சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார், தலைப்பே "தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர்" என்பது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகள் "நாடகக் கலை" என்ற புத்தகமாக வந்தன. மேடையும் எழுத்தும் அவருக்குக் கூடவே ஓடியவை.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சண்முகம் சபையில் சேர்ந்தது 1918. சுவாமிகள் புதுச்சேரியில் காலமானது 1922 நவம்பர். ஆக, குருவோடு இருந்தது நான்கே வருடம், அதுவும் ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை. நமக்கு நாலாம் வகுப்பு வாத்தியார் பெயர்கூட மறந்துவிட்டது. இவர் அந்த நான்கு வருடத்தை வாழ்நாள் முழுக்கச் சுமந்து, ஒரு மனிதரைத் தாளில் எழுந்து நடக்க வைத்தார். இன்று சங்கரதாஸ் சுவாமிகள் என்று நாம் மனத்தில் பார்க்கும் உருவத்தில் பெரும்பகுதி இந்தச் சிறுவன் கண்ணால் பார்த்த உருவம்.

சனீஸ்வரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சுவாமிகள் இளமையில் நடித்தவர், எமன், சனீஸ்வரன் மாதிரி பயங்கர வேஷங்களில் பேர் எடுத்தவர். நளதமயந்தி நாடகம் முடிந்த ஒரு விடியற்காலை, வேஷத்தைக் கலைக்காமல் நீர்நிலைப் பக்கம் போகிறார். எதிரே ஒரு கர்ப்பிணி. அந்தக் கோலத்தைக் கண்டு அலறி விழுந்து, அங்கேயே உயிரும் போய்விடுகிறது. அதோடு சுவாமிகள் நடிப்பதையே விட்டார். சண்முகம் இதைச் சொல்லும்போது பக்கம் பக்கமாக அழுவதில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். உறைப்பு இல்லை என்கிறீர்கள். எனக்கென்னவோ அந்த நகர்தல்தான் உறைக்கிறது.

அப்புறம், அபிமன்யு. சிறுவன் சண்முகத்துக்காக "அபிமன்யு சுந்தரி" நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார், பாட்டும் வசனமுமாக. வேறு நடிகராக இருந்தால் "எனக்காகவே எழுதப்பட்ட நாடகம்" என்று மார்தட்டியிருப்பார். இவரோ வெளிச்சத்தை எழுதியவர் மேல் திருப்பிவிட்டுத் தாம் பின்னால் நின்றுகொள்கிறார். வாழ்நாள் முழுக்கக் கதாநாயகனாக நின்றவர், எழுத உட்கார்ந்ததும் மேடையைப் பிறருக்குக் கொடுத்துவிட்டார். இது ஆவணப்படுத்துகிறவர் வேலை அல்ல. யாரை நடுவில் நிறுத்துவது என்று முடிவெடுப்பது எழுத்தாளர் வேலை.

ஆர்மோனியம் பேத்தி (பிற்பகல் 1.20)

என் தாத்தா ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். ஆத்தூர், ராசிபுரம், திருச்செங்கோடு என்று திருவிழாவுக்குத் திருவிழா ஓடியவர். அவரும் சிறுவயதில், பையன்களே நடிக்கும் ஒரு பாய்ஸ் கம்பெனியில் இருந்தவர்தான். (எந்தக் கம்பெனி என்று கடைசி வரை சொல்லவில்லை. கேட்டால் முதுகைத் தடவிக்கொள்வார், அவ்வளவுதான்.) அதனால் இந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் சொந்தம் உண்டு.

நீங்கள் இருவரும் விட்டுவிட்ட ஒரு சொல் இருக்கிறது: மகரக்கட்டு. பையன்களுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையுமே, அதற்கு நாடகக்காரர்கள் வைத்த பெயர். சாதாரண வீட்டில் அது சிரிப்புக்குரிய விஷயம். கம்பெனியில் அது இடி. நேற்று வரை ஐந்து கட்டையில் உச்சக் குரலில் பாடி ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேஷம், போட்ட பையன், இன்று வாயைத் திறந்தால் கரகரவென்று வேறு யாரோ பேசுகிறார்கள். மைக் இல்லாத காலம். பாட்டுதான் நாடகம். குரல் போனால் வேஷம் போச்சு, வேஷம் போனால் சம்பளம் போச்சு. சிலருக்குக் குரல் திரும்பி வரும், பலருக்கு வராது. வராதவர்கள் திரை இழுக்கவோ, சாமான் கட்டவோ, இல்லை ஊருக்கோ போக வேண்டியதுதான். தாத்தாவுக்குத் திரும்பவில்லை. ஆர்மோனியத்தில் உட்கார்ந்தது அதனால்தான்.

சண்முகம் மாதிரி ஆட்கள் பள்ளிக்கூடம் போய் எழுத்துப் படிக்கவில்லை. பாடம் கேட்டுப் படித்தார்கள். வாத்தியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வது, ராத்திரி அதையே மேடையில் ஒப்பிப்பது, தப்பினால் அடி. ஆறு வயதிலிருந்து ஆயிரக்கணக்கான வரிகள் நாக்கில் ஏறியிருக்கும், அத்தனையும் அடுத்தவர் வரி. அப்படி வளர்ந்த ஒருவர் நாற்பது வயதுக்கு மேல் பேனாவை எடுத்துத் தம்முடைய சொந்த வரியைத் தாமே எழுதுகிறார் என்றால், காப்பிக்காடு சார், நீதிபதி சம்பந்த முதலியாரோடு அவரை ஒப்பிடுவது நியாயமா? முதலியாருக்கு மொழி வீட்டிலேயும் கல்லூரியிலேயும் கிடைத்தது. இவர் அதை மேடைக்கு அடியில் பொறுக்கி எடுத்தார்.

உறைப்பு பற்றி: எனக்கும் அந்தக் குறை உண்டு, ஆனால் வேறு இடத்தில். பையன்கள் பட்ட அடியை அவர் கட்டுப்பாடு என்ற சொல்லில் மடித்து வைத்துவிடுகிறார் என்று தோன்றும். தாத்தா முதுகைத் தடவிய மாதிரி ஒரு வரி அதில் இல்லையே என்று இருக்கும். அவரைப் பாராட்டும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அம்மாபேட்டை தறி (பிற்பகல் 2.45)

அக்கா எழுதினதைப் படித்துவிட்டு ஒரு நிமிஷம் தறியை நிறுத்திவிட்டேன்.

நான் படிப்பாளி இல்லை. சண்முகத்தின் புத்தகங்கள் அரசுடைமை ஆனதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, போனில் இறக்கி வைத்திருக்கிறேன். விசைத்தறிச் சத்தத்தில் காதில் எதுவும் ஏறாது, ஆகவே கண்ணால் படிப்பதுதான் எங்களுக்கு வழி. நூல் அறுந்தால் நிறுத்து, முடி போடு, ஓடவிடு, அதற்கு நடுவில் அரைப் பக்கம். பெரிய எழுத்தாளர்கள் சிலரை இப்படிப் படிக்கவே முடியாது. ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் முடிவதற்குள் நூல் அறுந்துவிடும். இவர் வாக்கியம் சின்னது. ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து சொல்கிற மாதிரி வந்து, மூச்சு விடும் இடத்தில் நிற்கும். கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்தவனுக்கும் கேட்க வேண்டும் என்று பேசிப் பழகிய வாய் எழுதினால் இப்படித்தான் இருக்கும் போல.

எங்கள் அப்பா கொஞ்ச காலம் மாடர்ன் தியேட்டர்ஸில் செட்டு போடும் தச்சு வேலைக்குப் போனார். டி.ஆர்.சுந்தரம் 1935இல் ஆரம்பித்த கம்பெனி, மலையாளத்தின் முதல் பேசும் படமான "பாலன்" 1938இல் அங்கேதான் உருவானது, 1956இல் "அலிபாபாவும் 40 திருடர்களும்" கலரில் வந்தது, இதெல்லாம் எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அப்பா சொன்னது வேறு. அது பேருக்குத்தான் ஸ்டுடியோ, நடத்துவது எல்லாம் நாடகக் கம்பெனி மாதிரி என்பார். மாதச் சம்பளம், நேரத்துக்கு வர வேண்டும், முதலாளி நடந்து வந்தால் பேச்சு மூச்சு இருக்காது. நடிக்க வந்தவர்களும் பாதிப் பேர் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்கள், பி.யு.சின்னப்பா, நம்பியார், காளி என்.ரத்னம் என்று. ஆகவே அவர்களுக்கு அது பழகின வீடு. இப்போது ஏற்காடு ரோட்டில் அந்த வளைவு மட்டும் நிற்கிறது, உள்ளே எல்லாம் வீடுகள். நூறு படத்துக்கு மேல் எடுத்த இடத்தில் வேலை செய்த எத்தனை பேர் எழுதி வைத்தார்கள்? எங்கள் அப்பா எழுதவில்லை. அவருக்குத் தெரிந்ததில் நான் மேலே சொன்னதுதான் மிச்சம்.

பாப்பாரப்பட்டி மாப்பிள்ளை (மாலை 4.10)

எங்கள் மாமனார் ஊர் பெயரில் கணக்கு வைத்திருப்பதால் இதைச் சொல்லாமல் போனால் வீட்டில் சோறு கிடையாது.

சண்முகத்தைச் சினிமாவில் பார்க்க வேண்டும் என்றால் "கப்பலோட்டிய தமிழன்" பாருங்கள், 1961. சிவாஜி வ.உ.சி., சண்முகம் சுப்பிரமணிய சிவா. சிவா சேலம் சிறையில் இருந்தவர், சிறைவாசத்தில் தொழுநோய் பிடித்து, ரயிலில் ஏறக்கூடாது என்று தடுக்கப்பட்டு, நடந்தும் வண்டி கட்டியும் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். கடைசியில் 1925 ஜூலையில் உயிர் விட்டது பாப்பாரப்பட்டியில். இப்போது அது தர்மபுரி மாவட்டம், ஆனால் படம் வந்தபோது சேலம் மாவட்டம்தான். தர்மபுரி பிரிந்தது 1965இல்.

அந்தப் படத்தில் நோய் முற்றிய சிவாவாக அவர் வரும் காட்சியில், கத்தி அழ வைக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. மேடையில் வளர்ந்த பலருக்குக் கேமரா முன்னாலும் தொண்டை இறங்காது. இவர் குரலை அடக்கிக்கொண்டு உடம்பால் பேசுவார். வண்டி வேடிக்கைப் பையன் பத்து நிமிடத்தில் நிமிர்ந்தான் என்றீர்களே, இங்கே கூன் வேறு மாதிரி. கிழவிக்கு வயதால் வந்த கூன், சிவாவுக்கு நோயால் வந்தது. இரண்டும் ஒன்று போல இருக்காது.

சூரமங்கலம் ரயிலடி (மாலை 5.30)

அரசுடைமை என்று தறித் தம்பி சொன்னார். அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

சண்முகம் சகோதரர்கள் பாரதி பாட்டை மேடையில் பாடிக்கொண்டே இருந்தவர்கள். 1931இல் வெ.சாமிநாத சர்மாவின் "பாணபுரத்து வீரன்" நாடகத்தைத் தடைக்குப் பயந்து "தேசபக்தி" என்று பெயர் மாற்றிப் போட்டார்கள், அதிலும் பாரதி உண்டு. 1948இல் "பில்ஹணன்" படம் எடுத்தபோது அதிலும் ஒரு பாரதி பாடலைச் சேர்த்தார்கள். ஆனால் பாரதி பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை அப்போது ஏவி.எம். செட்டியார் கையில். வழக்கு வந்தது. சண்முகம் பணம் கட்டி ஒதுங்கிப் போகவில்லை. பாரதி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியையே தெருவுக்குக் கொண்டுவந்தார். நாரண துரைக்கண்ணன் போன்ற எழுத்தாளர்களோடு திருநெல்வேலிக்குப் போய்ச் செல்லம்மா பாரதியைப் பார்த்துப் பேசியவர்களில் அவரும் ஒருவர். 1949இல் அரசாங்கம் உரிமையை வாங்கியது, அப்புறம் அது மக்களுக்கென்றே ஆனது. செட்டியாரும் முரண்டு பிடிக்காமல் விட்டுக்கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

பாரதியை விடுவிக்க அலைந்தவரின் புத்தகமே பிறகு அரசுடைமை ஆகி, அம்மாபேட்டையில் ஒருவர் நூல் அறுந்த நேரத்தில் போனில் காசில்லாமல் படிக்கிறார்.

காப்பிக்காடு நண்பருக்கு: எழுத்து மையத்தில் இல்லாதவர் ஒரு கவிஞனின் எழுத்துரிமைக்காக இத்தனை அலைவாரா?

ஐந்து ரோடு பையன் (மாலை 6.00)

ஒரு சந்தேகம். புராண நாடகத்தில் பாட்டுப் பாடி வளர்ந்தவர்கள் சமூக நாடகத்துக்கு எப்படி மாறினார்கள்? "மேனகா" துப்பறியும் நாவல் என்று எங்கேயோ படித்தேன்.

குகை வாசகன் (மாலை 6.35)

வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவல்தான். அதை நாடகமாக்கிப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் எம்.கந்தசாமி முதலியார், நடிகர் எம்.கே.ராதாவின் தந்தை. பாட்டைக் குறைத்து, வீட்டில் பேசுகிற மாதிரி பேசச் சொன்னவர் அவர். படத்தை ராஜா சாண்டோ இயக்கினார், என்.எஸ்.கிருஷ்ணனும் அதில் உண்டு, அவரும் இவர்கள் கம்பெனிப் பிள்ளைதான். பிறகு அண்ணன் முத்துசாமி "குமாஸ்தாவின் பெண்" மாதிரி நாடகங்களை எழுதினார், 1941இல் அது ஜெமினி படமானது.

சண்முகத்தின் உரைநடையில் நான் இரண்டு வாத்தியாரையும் கேட்கிறேன். சுவாமிகளிடமிருந்து ஓசை, கந்தசாமி முதலியாரிடமிருந்து பேச்சு. யாராவது ஆராய்ச்சி மாணவர் இதை எடுத்துச் செய்தால் புண்ணியம்.

ஏற்காடு காப்பிக்காடு (இரவு 8.40)

மழை நின்றுவிட்டது, கோபமும் கொஞ்சம் தணிந்துவிட்டது.

பேத்தி அம்மா சொன்னது என்னைக் குத்திவிட்டது. சம்பந்த முதலியாருக்குக் கிண்டல் செய்யும் வசதி இருந்தது என்பது உண்மை. சபை கலைந்தாலும் அவருக்குக் கோர்ட்டு இருந்தது. சண்முகத்துக்குக் கம்பெனிதான் சோறு. கூட நடித்தவரை, பணம் போட்டவரை, கொட்டகை கொடுத்தவரை உறைப்பாக எழுதினால் நாளைக்கு எந்த ஊரில் முகாம் போடுவது? இத்தனைக்கும் 1944இல் ஈரோட்டில் நாடகக்காரர்களையெல்லாம் கூட்டி மாநாடே நடத்திய குடும்பம். எல்லாரையும் ஒரே பந்தலில் உட்கார வைக்க வேண்டியவர் பாயசம்தான் வைப்பார். இது எனக்கு முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும்.

ஆனால் முழுக்க விட்டுக்கொடுக்க மாட்டேன். அடி வாங்கிய பையன்களைப் பற்றிப் பேத்தி அம்மா சொன்ன குறை பெரிய குறை. நன்றியுணர்வு பெரிய குணம்தான், அதற்காக எழுத்தில் எல்லாக் கதவையும் அது சாத்திவிடக் கூடாது. புத்தகத்தைச் சினிமா அலமாரியிலிருந்து எடுக்க நானும் கை கொடுக்கிறேன். எந்த அலமாரியில் வைப்பது என்று மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது விவாதத்துக்கு அல்ல. அரு.ராமநாதன் எழுதி இவர்கள் மேடையேற்றிய "ராஜராஜ சோழன்" நாடகம்தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமானது. சிவாஜி நடித்து 1973 மார்ச் கடைசியில் வெளிவந்தது. சண்முகம் மறைந்தது பிப்ரவரி நடுவில். ஆறே வாரம். என் அப்பா அதைச் சேலத்துக்கு வந்து பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, அடிவாரத்திலிருந்து விடிய விடிய நடந்து மலை ஏறினாராம். எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று எண்ணிக்கொண்டே ஏறினேன் என்பார். இருபதுதான் இருக்கிறது, அவர் எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே போகும்.

ஆர்மோனியம் பேத்தி (இரவு 9.15)

எந்த அலமாரி என்று தெரியவில்லை என்றால் என் வீட்டுக்கு அனுப்புங்கள் சார், ஆர்மோனியப் பெட்டி மேல் இடம் இருக்கிறது.

தூங்குவதற்கு முன் ஒன்று. அப்பா கண்ணுசாமிப் பிள்ளை ஸ்திரீபார்ட். மகன் அவ்வை. வாசகன் ஐயா இதை முதல் பதிவில் ஒரு வரியில் தாண்டிவிட்டார். பெண்ணாக நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். ஆனால் அப்பா போட்டது இளம் பெண்கள், ஊர் பார்த்து ரசித்த அழகு. மகன் பேர் வாங்கியது பல் போன கிழவியில். அழகைக் காட்டாமல் ஒரு பெண்ணை மேடையில் நான்கு மணி நேரம் நிறுத்த முடியும் என்று காட்டினார். இது தாத்தா சொன்னது அல்ல, என் யோசனை. தப்பாக இருந்தால் திட்டலாம்.

அம்மாபேட்டை தறி (இரவு 9.40)

அக்கா, இதைத் திட்டுபவர்கள் முதலில் என்னிடம் வரட்டும்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் யாருக்கு வசதிப்படும்? புத்தகத்திலிருந்து சுவாமிகள் பற்றிய பகுதியை உரக்கப் படிக்கலாம். எங்கள் வீட்டு மாடி காலி, ஞாயிறு தறி ஓடாது. தட்டு வடை செட் என் பொறுப்பு.

ஏற்காடு காப்பிக்காடு (இரவு 9.55)

காப்பித்தூள் நான் கொண்டுவருகிறேன். ஒரு பகுதியை நான் படிப்பேன், மறுத்தவன் என்ற முறையில்.

குகை வாசகன் (இரவு 10.20)

வந்துவிடுகிறேன். வண்டி வேடிக்கைப் பையனையும் கூட்டி வரலாமா என்று அவன் அம்மாவிடம் கேட்டேன். வருவானாம். அடுத்த வருடமும் அவ்வையார் போடுகிறாயா என்று அவனையே கேட்டுப் பார்த்தேன். முடியாது, முருகன்தான் வேண்டுமாம். முருகன் என்றால் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம், அவ்வையார்தான் கீழே நிற்க வேண்டும் என்கிறான்.